ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தால்...



சென்ற மாதம் இந்தப் பகுதியில் கண்புரையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நம் தோட்டத்து லாரி டிரைவர் ஒருவர் பெரட்டுக் களத்தில் என்னை நிறுத்தினார். "டிரஸர், எங்க அம்மாவுக்குப் புரை இல்லையாம். கண்ணுக்குப் பின்னால ரத்தக் குழாய் கெட்டுப் போச்சாம். கையில மஞ்ச மருந்து ஏத்திக் கண்ணைப் படம் எடுக்கணும்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்றாங்க. கையில ஊசி போட்டா கண்ணுல எப்படிப் படம் வரும்? எழுபது வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டார்.

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லுமுன் நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்க ஏட்டில் எழுதுகிறவன் தன் தப்பை மறைத்துவிட்டு ஊருக்குப் புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்?

2012-ஆம் ஆண்டு. நான் தோட்டத்து மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திங்கட்கிழமை காலை, வரிசையில் முப்பது பேர். முப்பது வருஷம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் வந்தார். வயது 63. "தம்பி, இடது கண்ணுல ஜன்னல் கம்பி வளைஞ்சு தெரியுது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். கம்பி நேராத்தான் இருக்குது" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கண் சிவக்கவில்லை, பீளை இல்லை, வலி இல்லை. "வயசாச்சுல்லம்மா, கண்ணாடி மாத்தணும். அடுத்த மாசம் டவுனுக்குப் போறப்ப பார்த்துக்குங்க" என்று சொல்லி, சொட்டு மருந்து ஒரு போத்தல் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த மாதம் தீபாவளி. அதற்கடுத்த மாதம் மகள் பிரசவம். மூன்று மாதம் கழித்து அவர் கண் பிரிவுக்குப் போனபோது, இடது கண்ணால் எதிரே நிற்கும் ஆளின் முகம் தெரியவில்லை. தோள் தெரிகிறது, காது தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. டாக்டர் எடுத்த படத்தில் கண்ணின் பின்சுவரில் சாம்பலும் வெள்ளையுமாக ஒரு தழும்பு. முற்றிப்போன புண்ணின் தழும்பு. இனி மருந்து போட்டும் பிரயோசனம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கண்ணின் பின்சுவரில் நடப்பது என்ன?

கண்ணை ஒரு கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பது லென்சு. அது மங்கிப் போனால் கண்புரை. ஆப்பரேஷன் செய்து மாற்றிவிடலாம். பழைய கேமராவில் பிலிம் இருக்குமே, அந்த இடத்தில் கண்ணுக்குள் இருப்பது விழித்திரை. இதை மாற்ற முடியாது. விழித்திரையின் நடுவே சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குப் பெயர் மேக்குலா. பட்டாணிக் கடலையைவிடச் சிறியது. ஆனால் எழுத்துப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, பேரப் பிள்ளையின் முகம் பார்ப்பது, குலையில் எந்தப் பழம் பழுத்தது என்று அண்ணாந்து பார்ப்பது எல்லாம் இந்தச் சின்ன வட்டத்தின் வேலை. மற்ற இடமெல்லாம் பக்கப் பார்வைக்கு. ஆகவே மேக்குலா கெட்டாலும் மனிதர் முழுக் குருடாவதில்லை. வீட்டுக்குள் நடப்பார், குளிப்பார். வீட்டில் உள்ளவர்கள், "நல்லாத்தானே நடக்குறாங்க" என்று சும்மா இருந்துவிடுவதும் இதனால்தான்.

விழித்திரைக்கு அடியில் காகிதம் போன்ற ஒரு மெல்லிய படலம். அதற்கும் அடியில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் ஒரு படுகை. அங்கிருந்துதான் மேக்குலாவுக்குச் சாப்பாடு போகிறது, அங்கே சேரும் கழிவும் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. வயது ஐம்பதைத் தாண்டியபின் சிலருக்குக் கழிவு சரியாக வெளியேறாமல், லொங்கானில் சேறு தங்குவது போல மஞ்சள் புள்ளிகளாகத் தங்கிவிடும. டாக்டர்கள் இதை ட்ரூசன் என்பார்கள். இதுவே மேக்குலா தேய்வின் ஆரம்பம். பெரும்பாலோருக்கு, பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு, இது 'காய்ந்த' வகையாகவே இருந்து மெல்ல மெல்லத்தான் பார்வையைக் குறைக்கும். சிலருக்குக் குறையாமலே இருக்கும்.

மிச்சமுள்ளவர்களுக்கு வருவது 'ஈர' வகை. ஊட்டம் போதவில்லை என்று உடம்பு தானாகப் புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவை அடிப்படுகையிலிருந்து அந்த மெல்லிய படலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறுகின்றன. உடம்பு நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிற காரியம்தான். ஆனால் அவசரத்தில் முளைத்த குழாய்க்கு உறுதி ஏது? தண்ணீர் கசிகிறது, சில வேளை ரத்தமே கசிகிறது. பார்வை சட்டென்று போவது பெரும்பாலும் இந்த வகையில்தான்.

கம்பி ஏன் வளைந்து தெரிகிறது என்பதற்கும் இதுதான் காரணம். லயத்து வீட்டில் சிமெண்ட் தரைக்கு அடியில் ஓடும் பைப் உடைந்தால் என்ன ஆகும்? தரை ஒரு பக்கம் உப்பும். மேலே ஒட்டியிருக்கும் டைல்ஸ் வரிசை கோணலாகும். அதே போல, விழித்திரைக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் விழித்திரை உப்பிக்கொள்கிறது. உப்பிய பிலிமில் விழும் நேர்க்கோடு நெளிந்து விழுகிறது. வெறும் கண்ணாடிக் கோளாறு என்றால் கம்பி மங்கும், வளையாது. இந்த ஒரு வித்தியாசம் 2012-ல் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சள் மருந்துப் படம்

தரைக்கு அடியில் எங்கே கசிகிறது என்று தரையை உடைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? விவரமான பைப் வேலைக்காரர் டாங்கியில் சாயத்தைக் கலந்துவிட்டு, சாயத் தண்ணீர் எங்கே எட்டிப் பார்க்கிறது என்று காத்திருப்பார். டாக்டர் செய்வதும் அதுதான்.

அந்தச் சாயத்தின் பெயர் புளோரசீன். 1871-ல் ஜெர்மன் ரசாயன நிபுணர் அடால்ஃப் வான் பேயர் செய்தது. நீல வெளிச்சம் பட்டால் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும் குணம் அதற்கு உண்டு. மேடையில் நீல விளக்குப் போட்டால் சலவை செய்த வெள்ளை வேட்டி பளீரென்று மின்னுமே, அந்த மாதிரி. கண்ணுக்குள் ஓடும் ரத்தத்தை இப்படிப் படம் பிடிக்கலாம் என்று காட்டியவர்கள் பெரிய பேராசிரியர்கள் அல்லர். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள். ஹெரால்ட் நவோட்னி, டேவிட் ஆல்விஸ் என்பது அவர்கள் பெயர். 1959-ல் ஒருவர் கையில் ஒருவர் ஊசி போட்டுப் பரிசோதித்து, 1961-ல் அதை வெளியிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் அந்த முறை நடக்கிறது.

கையில் போட்டால் கண்ணுக்கு எப்படிப் போகும் என்று டிரைவர் கேட்டார். கை நரம்பில் ஏறும் மருந்து இருதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றி, மறுபடி இருதயத்துக்கு வந்து, அங்கிருந்து தலைக்கு ஏறுகிறது. இந்தப் பயணம் முழுவதற்கும் பத்துப் பதினைந்து விநாடி போதும். ஆகவேதான் மருந்து ஏறும்போதே, "கண்ணைச் சிமிட்டாதீங்க, நேரா பாருங்க" என்று அவசரப்படுத்துகிறார்கள். முதல் அரை நிமிஷத்தில் எடுக்கும் படங்கள் முக்கியம். முதலில் அடிப்படுகை மினுமினுக்கும், பிறகு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் மரக்கிளை போல ஒளிரும். நல்ல கண்ணில் சாயம் குழாய்க்குள்ளேயே ஓடிவிடும், மேக்குலாவின் நடு இருட்டாகவே இருக்கும். கெட்ட குழாய் முளைத்த கண்ணில், இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் சிலந்தி வலை போல ஒரு வெளிச்சம் தெரியும்.

அதோடு முடிந்தது என்று நம் ஆட்கள் எழுந்து வந்துவிடுகிறார்கள். கூடாது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் படம் எடுப்பார்கள். அந்தக் கடைசிப் படம்தான் கசிவைக் காட்டிக் கொடுக்கும். முதலில் சின்னதாக இருந்த வெளிச்சம், துணியில் விழுந்த எண்ணெய் போலப் பரவி ஓரம் கலங்கியிருந்தால், குழாய் கசிகிறது. பரவாமல் ஓரம் தெளிவாகவே நின்றால் அது பழைய தழும்பாகவோ மஞ்சள் புள்ளியாகவோ இருக்கலாம். கசிகிற குழாய்க்கு மருந்து உண்டு, காய்ந்த தழும்புக்கு இல்லை. ஊசி போட்டால் உபயோகம் உண்டா இல்லையா என்பதை இந்த வித்தியாசம் சொல்லிவிடும்.

இது எக்ஸ்ரே அல்ல, கதிர்வீச்சு கிடையாது. ஏற்றும் மருந்து வழக்கமாக 5 மில்லிலிட்டர்தான், ஒரு தேக்கரண்டி அளவு. சிலருக்கு ஒரு நிமிஷம் குமட்டும், பிறகு சரியாகிவிடும். சில மணி நேரம் தோல் மஞ்சளாகத் தெரியும். சிறுநீர் மறுநாள் வரைகூட ஆரஞ்சுச் சாயமாகப் போகும். ஒரு தாத்தா இதைப் பார்த்துவிட்டு மஞ்சள் காமாலை என்று பயந்து, இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். தண்ணீர் நிறையக் குடித்தால் மருந்து சிறுநீரில் இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உடம்பு முழுக்க அரிப்புத் தடிப்பு, மூச்சு வாங்குவது, மயக்கம் போன்ற பெரிய ஒவ்வாமை அபூர்வம். ஆனாலும் வரக்கூடியது. அதனால்தான் ஊசி போடும் அறையில் அவசர மருந்து தயாராக வைத்திருப்பார்கள். எந்த மருந்துக்காவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மருந்து ஏறும்போது கை எரிந்தாலும் உடனே சொல்லுங்கள், நரம்புக்கு வெளியே போயிருக்கலாம்.

குவே லாப்பிஸ் படம்

இன்னொரு படம் ஓ.சி.டி. இதற்கு ஊசியே கிடையாது. மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் குறியைப் பார்த்தால் சில விநாடியில் வேலை முடிந்தது. 1991-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியவர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு. வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டு, விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போலப் படம் வரைகிறது.

குவே லாப்பிஸைக் கத்தியால் வெட்டினால் அடுக்கு அடுக்காகத் தெரியுமல்லவா? விழித்திரையும் அப்படித்தான் அடுக்கடுக்காகத் தெரியும். அதன் மொத்தக் கனம் கால் மில்லிமீட்டர் சுமார்தான். அதற்குள் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக்கூட இந்தக் கருவி காட்டும். தண்ணீர் தேங்கிய இடம் கறுப்புக் குழியாகத் தெரியும். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினால் நீங்களே பார்க்கலாம். காட்டாவிட்டால், "காட்டுங்க டாக்டர்" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதிலேயே இன்னொரு முன்னேற்றம், மருந்து ஏற்றாமலே ரத்தக் குழாயைக் காட்டும் ஓ.சி.டி. ஆஞ்சியோகிராபி. சுமார் பத்து வருஷமாகத்தான் ஆஸ்பத்திரிகளில் புழக்கம். இரவில் மலைமேல் நின்று கீழே பார்த்தால் ரோடு தெரியாது, ஆனால் மோட்டார் விளக்குகள் ஓடும் தடத்தை வைத்து ரோடு எங்கே வளைகிறது என்று சொல்லிவிடலாம். கருவியும் அப்படியே ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பல தடவை பார்க்கிறது. அசையாதது சதை, அசைந்தது ஓடும் ரத்தம். அசைவை மட்டும் பொறுக்கிக் கோத்தால் குழாயின் வரைபடம் கிடைத்துவிடுகிறது.

அப்படியானால் மஞ்சள் மருந்து எதற்கு என்று கேட்பீர்கள். இந்தப் புதுக் கருவி குழாய் எங்கே இருக்கிறது என்று சொல்லும், அது கசிகிறதா என்று சொல்லாது. கண்ணை ஆட்டினாலும் சிமிட்டினாலும் படம் கெட்டுப்போகும். எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் இந்தக் கருவி இல்லை. ஆகவே டாக்டர் மூன்றில் எதைக் கேட்டாலும் ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக நினைக்காதீர்கள்.

பச்சை மருந்துப் படம் என்று இன்னொன்றும் உண்டு, ஐ.சி.ஜி. என்பார்கள். ஆழத்தில் உள்ள படுகையை நன்றாகக் காட்டும். நம் ஆசிய மக்களுக்குக் கெட்ட குழாயின் நுனியில் திராட்சை போல மொட்டு விடும் ஒரு வகை, வெள்ளைக்காரர்களைவிட அதிகம் காணப்படுகிறது. ஊசி போட்டும் தண்ணீர் வற்றவில்லை என்றால் டாக்டர் இந்தப் படத்தைக் கேட்பார். இந்த மருந்தில் அயோடின் உண்டு, அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சொல்லிவிட வேண்டும்.

அந்த அம்மாவின் வலது கண்

ஒரு கண்ணில் ஈர வகை வந்தவர்க்கு மறு கண்ணிலும் வரும் ஆபத்து கூடுதல். அதனால் கட்டம் போட்ட ஒரு தாளை அவர் வீட்டுச் சுவரில் ஒட்டிக் கொடுத்து, தினமும் பார்க்கச் சொல்லியிருந்தேன். 2016-ல் ஒரு சாயங்காலம் அவரே நடந்து வந்தார். "தம்பி, இப்ப வலது கண்ணு. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னிக்குக் கட்டம் நடுவுல குழி விழுந்த மாதிரி இருக்குது" என்றார். இந்தத் தடவை நான் டார்ச்சைத் தொடவே இல்லை. அப்போதே கடிதம் எழுதி, மறுநாள் விடியற்காலை தோட்டத்து வேனில் அனுப்பி வைத்தேன்.

ஓ.சி.டி.யில் விழித்திரைக்கு அடியில் தண்ணீர். மஞ்சள் மருந்துப் படத்தில் சின்னதாக ஒரு கசிவு. அந்த வாரமே கண்ணில் ஊசி. கண்ணுக்குள் ஊசி என்றதும் பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுகிறார்கள். மரத்துப் போக மருந்து விட்டு, வெள்ளை விழியின் ஓரமாக, மயிரிழை போன்ற ஊசியால் போடுவார்கள். ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான். புதுக் குழாயை முளைக்க வைக்கும் சத்தை அந்த மருந்து அடக்கிவிடுகிறது. குழாய் சுருங்கினால் தண்ணீர் வற்றும். 1980-களில் இதற்கு இருந்த வழி லேசர் சூட்டினால் குழாயைப் பொசுக்குவது, பொசுக்கிய இடத்தில் பார்வையும் போய்விடும். 2005-ல் மயாமியில் டாக்டர் பிலிப் ரோசன்ஃபெல்ட் புற்றுநோய் மருந்து ஒன்றைச் சிறிய அளவில் கண்ணில் போட்டு, தண்ணீர் வற்றுவதை ஓ.சி.டி. படத்தில் காட்டினார். 2006-ல் இதே வேலைக்கென்று தனி மருந்தும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. படமும் மருந்தும் இப்படிக் கைகோத்து வந்தவை.

அந்த அம்மாவுக்கு மாதம் ஒன்றாக மூன்று ஊசி. மூன்றாவது மாதப் படத்தில் தரை சமமாகிவிட்டது. பிறகு டாக்டர் இடைவெளியை நீட்டிக்கொண்டே போனார்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு தடவை அவர் மகள், "அம்மாவுக்கு நல்லாத் தெரியுது, எதுக்கு மறுபடியும் சம்பளத்த விட்டுட்டு அலையணும்?" என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அம்மாவை அழைத்துப் போக ஒரு ஆள் வேலைக்கு மட்டம் போட வேண்டும், வெட்டுச் சம்பளம் போகும். நான் வற்புறுத்தித்தான் அனுப்பினேன். அம்மாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் படத்தில் ஒரு கறுப்புக் குழி மறுபடியும் எட்டிப் பார்த்திருந்தது. தண்ணீர் கொஞ்சமாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, படத்துக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்தபின் போடும் ஊசி எப்போதும் ஒரு படி பின்னாலேயே ஓடும். எழுபது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்ட டிரைவருக்கு இதுவே என் பதில்.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அவருடைய தவணை தள்ளிப் போயிற்று. நாங்களும் பயந்து வெளியே அனுப்பவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் எழுத்துப் பலகையில் இரண்டு வரி குறைந்திருந்தது. ஊசி தொடர்ந்தும் அதில் ஒரு வரிதான் திரும்பி வந்தது. ஆனாலும் இன்றைக்கும் அந்தக் கண்ணால்தான் அவர் கைப்பேசியில் எண்ணைப் பார்த்து மகனைக் கூப்பிடுகிறார், அரிசியில் கல் பொறுக்குகிறார்.

வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

சுவிட்சர்லாந்து கண் டாக்டர் மார்க் ஆம்ஸ்லர் செய்த கட்டத் தாள் ஒன்று உண்டு. 10 சென்டிமீட்டர் சதுரம், உள்ளே சிறு சிறு கட்டம், நடுவில் ஒரு புள்ளி. அது கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் கிழித்து நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். படிக்கிற கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஓர் அடி தூரத்தில் வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, புள்ளியை மட்டும் பாருங்கள். கோடு நெளிகிறதா, கட்டம் ஏதாவது காணாமல் போகிறதா? பிறகு மறு கண். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, நல்ல கண் கெட்ட கண்ணின் குற்றத்தை மறைத்துவிடும். குளியலறை டைல்ஸ், ஜன்னல் கம்பி, வாசலில் போடும் புள்ளிக் கோலம்கூட இதற்கு உதவும். புதிதாக நெளிவு தெரிந்தால் அந்த வாரத்துக்குள் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். அடுத்த மாதம் அல்ல.

கட்டம் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், அதிலும் தாய் தகப்பனுக்கு இந்த வியாதி இருந்தவர்கள், பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு ஒரு முறையாவது கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கண்ணின் பின்பக்கத்தைச் சாதாரணப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் மஞ்சள் புள்ளியும் தெரியும். "வேற ஏதாச்சும் இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்.

சிகரெட்டைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. இந்த வியாதியைக் கூட்டும் பழக்கங்களில், நாமே நிறுத்தக்கூடியவற்றுள் அதுதான் முதல். கீரை, மீன் சாப்பிடுவது நல்லது. முருங்கைக் கீரை வேலியிலேயே இருக்கிறது. லயத்துக்குப் பெட்டியோடு வந்து, கண்ணுக்குச் சாறு என்று ஒரு போத்தல் நூறு இருநூறு வெள்ளிக்கு விற்கும் நேரடி விற்பனைக்காரர்களிடம் ஜாக்கிரதை. 2001-லும் 2013-லும் அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சியில், குறிப்பிட்ட அளவு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம், செம்பு, லூட்டின் சேர்ந்த மாத்திரை, வியாதி நடுத்தர நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு அது முற்றுவதை ஓரளவு தடுக்கிறது என்று தெரிந்தது. வியாதி இல்லாதவருக்கு வராமல் தடுக்கும் என்றோ, கசிவை நிறுத்தும் என்றோ அதில் இல்லை. சாறு குடித்துக்கொண்டு ஊசியை விட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். அதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

செலவைப் பற்றி: கண்ணில் போடும் மருந்தின் விலை மருந்துக்கு மருந்து மாறும். அரசாங்க ஆஸ்பத்திரியில் எதை இலவசமாகப் போடுவார்கள், எதை வாங்கி வரச் சொல்வார்கள் என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடியாதவர்கள் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து உதவுவது அவர்கள் வேலை. கடிதம் எழுத நான் இருக்கிறேன், தோட்டக் கமிட்டித் தலைவரும் இருக்கிறார்.

டிரைவரின் அம்மாவுக்கு வரும் வியாழக்கிழமை படம். அவருக்கு எழுதிக் கொடுத்த சீட்டையே இங்கும் போடுகிறேன். அடையாளக் கார்டு, தவணைக் கார்டு, போட்டிருக்கும் கண்ணாடி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டு போகவும். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். பாப்பா விரிய மருந்து விடுவார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கறுப்புக் கண்ணாடியோ தொப்பியோ வேண்டும். தனியாகப் போக வேண்டாம், மோட்டார் ஓட்டவே கூடாது. ஊசி ஏறியபின் பத்து நிமிஷப் படம் முடியும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம். இரவு சிறுநீர் மஞ்சளாகப் போனால் என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். மூச்சு வாங்கினால், உடம்பு தடித்தால், எந்நேரமானாலும் தட்டவும்.